வட்டுக்கோட்டைப் பழைய கோயிலில் என்ன பார்ப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவு: மார்கழி விடுமுறைக்கு அம்மாவோடு யாழ்ப்பாணம் வருகிறீர்கள், அம்மம்மா ஞானஸ்நானம் பெற்ற வட்டுக்கோட்டைக் கோயிலைப் பார்க்க வேண்டும், கையில் இருப்பது ஒரு நாள். அது போர்த்துக்கேயர் கட்டியதா, ஒல்லாந்தர் கட்டியதா, அமெரிக்க மிஷனரிமார் கட்டியதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பழைய கல்லறைக் கற்களில் நல்ல சிற்ப வேலை உண்டு என்றும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள், அதைச் செய்தது யார் என்று தெரிய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற கேள்வி, "உள்ளே போய் நின்றால் நான் எதைப் பார்க்க வேண்டும், என்ன தெரிந்தால் எனக்கு அது விளங்கும்?" என்பது. அப்படி எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

பழைய கட்டிடங்களை அளந்து வரைவதும், சுண்ணாம்புச் சுவர்களைத் திருத்துவதும் என் தொழில். கல், சாந்து, மரம், ஈரம் பற்றி நான் சொல்வதைத் துணிந்து எடுத்துக்கொள்ளலாம். திருச்சபை வரலாற்றில் நான் ஆராய்ச்சி செய்தவன் இல்லை, ஒல்லாந்த மொழியும் தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டும் அளவுதான். அந்தப் பக்கத்தில் பொதுவாக எல்லாரும் ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் யார் கட்டியது என்பது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபின் வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி எங்கும் பங்குகள் பிரித்துக் கோயில்கள் எழுப்பினார்கள். தெல்லிப்பழை, மல்லாகம், உடுவில், பண்டத்தரிப்பு, சங்கானை, வட்டுக்கோட்டை, மானிப்பாய் எல்லாம் அந்த வரிசையில் வரும் ஊர்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் அந்தக் கோயில்களையே எடுத்து, சுரூபங்களையும் பீடங்களையும் அகற்றி, பிரசங்க மேடை வைத்துத் தங்கள் சபைக் கோயிலாக்கினார்கள், பக்கத்தில் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பஸ் பால்டேயஸ் 1665 வரை இங்கே இருந்து, பிறகு தாயகம் திரும்பி எழுதிய பெரிய நூல் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. அதில் எங்கள் ஊர்க் கோயில்கள் பலவற்றின் படங்கள் இருக்கின்றன. அந்தப் படங்களை இப்போது பலர் பகிர்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வட்டுக்கோட்டைக் கோயிலை ஒல்லாந்தர் திருப்பிக் கட்டியதாகச் சொல்லப்படும் ஆண்டு 1678. அந்த ஆண்டு சரியென்றால், 1672இல் அச்சான படம் இன்றைய கட்டிடத்துக்கு முந்திய ஒன்றைக் காட்டுகிறது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் பொருத்திப் பார்த்து "மாறிப்போச்சே" என்று கவலைப்படத் தேவையில்லை. அம்ஸ்ரடாமில் அச்சுக்குச் செதுக்கப்பட்ட படங்கள் அவை. எந்தெந்த ஊரில் கோயில் இருந்தது என்பதற்கு அருமையான சாட்சி, ஜன்னல் எத்தனை, மரம் எங்கே நின்றது என்பதற்கு அவ்வளவு நல்ல சாட்சி இல்லை.

பிறகு ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கோயில்கள் பல கவனிப்பாரற்று, கூரை விழுந்து கிடந்தன. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்கு அரசாங்கம் அவற்றை வளவுகளோடு கொடுத்தது. தெல்லிப்பழையில் டானியல் பூவரும் எட்வர்ட் வாரனும், வட்டுக்கோட்டையில் பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸும். கூரை போட்டுத் திருத்தி மறுபடி கோயிலாக்கியது அவர்கள். 1823இல் அவர்கள் நடத்திய உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது, 1855இல் மூடப்பட்டது, அதன் வழியில் பின்னர் வந்ததுதான் யாழ்ப்பாணக் கல்லூரி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இந்தச் செமினரியில் படித்தவர்கள். கோயிலைப் பார்க்க வருகிற பலர் இதைத் தெரியாமலே திரும்பிப் போகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் யாழ்ப்பாண ஆதீனத்தின் (மறைமாவட்டத்தின்) பேராலயமானதும் இந்தக் கோயில்தான்.

ஆகவே ஆளுக்கொன்று சொல்கிறவர்கள் எல்லாரும் பாதி சரி. ஒரே நிலத்தில் மூன்று காலம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. போர்த்துக்கேயர் கோயில் அங்கே இருந்தது நிச்சயம். ஒல்லாந்தர் பெரிதாகக் கட்டினார்கள் என்பதும், அமெரிக்கர் திருத்தினார்கள் என்பதும் நிச்சயம். ஆனால் ஒரு குறிப்பிட்ட சுவரைக் காட்டி "இது போர்த்துக்கேயர் சுவர்" என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேளுங்கள். பூச்சை உரித்துச் சாந்தைச் சோதிக்காமல் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பயன்படுத்தியது ஒரே கல், ஒரே சுண்ணாம்பு, பெரும்பாலும் ஒரே ஊர்க் கொத்தனார் பரம்பரை. திட்டம் போட்டவர்தான் மாறினார். சுமந்தவர்களும் அடுக்கியவர்களும் எங்கள் ஆட்கள், அதுவும் பலர் கூலிக்கு இல்லாமல் கட்டாய ஊழியமாக. கோயிலைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, பார்ப்பதற்கு வருவோம். என் யோசனை, வட்டுக்கோட்டைக்கு நேரே போகாமல் முதலில் சங்கானைக்குப் போங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய் தாண்டினால் சங்கானை, அங்கிருந்து வட்டுக்கோட்டை கிட்ட. சங்கானையில் கூரை இல்லாமல் நிற்கும் பழைய கோயிலைத் தொல்பொருள் திணைக்களம் பாதுகாக்கிறது. இடிபாடு என்பதால் ஆட்கள் ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கோ யாழ்ப்பாணத்துப் பழைய கோயில்களில் அதிகம் கற்றுத்தந்தது அதுதான். பூசி வெள்ளையடித்த கோயிலில் மறைந்திருப்பது எல்லாம் அங்கே திறந்து கிடக்கிறது. பூச்சு விழுந்த இடத்தில் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். சிலவற்றில் மூளையின் மடிப்புப்போல வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், சிலவற்றில் ஊசி குத்தினமாதிரி நட்சத்திர வடிவப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலத்தில் ஒரு உயிர் இருந்த அறை. அதோடு எங்கள் மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணக்கல்லும் கலந்திருக்கும். கல்லுக்கு இடையில் மங்கலான வெள்ளைச் சாந்து, அதற்குள் சிப்பி ஓட்டின் துண்டுகள் கண்ணுக்குத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்தக் கல் பாரம் குறைந்தது, வெட்டுவது சுலபம், சுண்ணாம்பை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வளைந்து கொடுக்கும் பலம் இல்லை. அதனால்தான் சுவர் அவ்வளவு தடிப்பு, அதனால்தான் வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே நீட்டுக் கல் வைக்காமல் வளைவு கட்டினார்கள். அழகுக்காக வந்த வளைவு என்று நினைக்கிறோம், கல்லின் பலவீனம் கேட்டு வாங்கிய வளைவு அது. தயவுசெய்து ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டுகூடக் கையில் எடுக்காதீர்கள். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டிடங்கள் தொல்பொருட் சட்டத்துக்குள் வருகின்றன என்பது ஒரு பக்கம், கடலில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி தடை என்பது இன்னொரு பக்கம். விழுந்த சுவரை அதே கல்லால் திருப்பிக் கட்ட இனி வழியில்லை.

சங்கானையில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வட்டுக்கோட்டைக்கு வந்தால் அந்தப் பூச்சுக்கு உள்ளே இருப்பது தானாகவே தெரியும். உடனே உள்ளே போகாமல் வெளியே ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். ஜன்னல் ஓரத்தில் நின்று சுவரின் தடிப்பை முழங்கையால் அளந்து பாருங்கள். முகப்புச் சுவரின் மேல்பகுதியைப் பாருங்கள், இந்தக் காலத்துக் கோயில்களில் கட்டியவரின் விருப்பம் முதலில் தெரிவது அங்கேதான். சுவரின் அடியில், நிலத்திலிருந்து இடுப்பளவு வரை, பூச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைத் தூள் பூத்து உதிர்ந்தால் அது உப்பு. முருகைக்கல் கடலில் பிறந்தது, உப்பு அதன் உடம்பில் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு அதை மெதுவாக மூச்சு விட வைக்கும், சீமெந்துப் பூச்சு மூச்சை அடைக்கும், அடைபட்ட ஈரம் கல்லையே உள்ளுக்குள் மாவாக்கும். எங்கள் குடாநாட்டில் குண்டுக்குத் தப்பிய எத்தனையோ பழைய சுவர்கள் பிறகு நல்லெண்ணத்தோடு பூசிய சீமெந்தால் கெட்டுப்போயின. வெளிநாட்டிலிருந்து காசு சேர்த்து அனுப்பும் பழைய மாணவர்களும் ஊர்ச்சங்கங்களும் இதை வாசித்தால் என் ஒரே வேண்டுகோள்: சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கும்வரை சுவரில் கை வைக்க வேண்டாம். தாமதமானால் பரவாயில்லை. நீங்கள் வருவது மாரி மழைக் காலம் என்பதால் சுவர் கறுத்து ஈரமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கோயில் பாழ் என்று முடிவு கட்டாதீர்கள், சுண்ணாம்புச் சுவர் மழைக்கு அப்படித்தான் இருக்கும், தை பிறந்து வெயில் ஏற ஆறிவிடும்.

இனிக் கல்லறைச் சிற்பம். இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்த்தால்தான் ஏமாற்றம் வராது. ஒல்லாந்தர் காலத்துப் பெரியவர்களைக் கோயிலுக்கு உள்ளேயே, தரைக்கு அடியில் புதைத்தார்கள். மேலே மூடியது ஆளுயரத்துக்கும் கூடிய ஒரே பலகைக் கல். மேற்பாதியில் குடும்பச் சின்னம்: கேடயம், அதன்மேல் முகமூடி இறக்கிய போர்த் தலைக்கவசம், அதிலிருந்து இரண்டு பக்கமும் இலை இலையாகச் சுருண்டு இறங்கும் அலங்காரம். சில கற்களில் மண்டையோடும் குறுக்கெலும்பும், சிறகு முளைத்த மணற்கடிகாரமும் வரும். கீழ்ப்பாதியில் பெயர், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியில் வகித்த பதவி, பிறந்த ஊர், இறந்த திகதி, வயது. பிறந்த ஊர் பல நேரம் ஒல்லாந்தில் எங்கோ ஒரு சின்னப் பட்டினம், சில நேரம் கொழும்பு அல்லது யாழ்ப்பாணமே. நல்ல கற்களில் எழுத்துகள் குழிவாக வெட்டியவை அல்ல, புடைப்பாக நிற்பவை. அதாவது சிற்பி எழுத்தை விட்டுவிட்டு, எழுத்தைச் சுற்றியிருந்த கல் முழுவதையும் ஒரே ஆழத்துக்குச் செதுக்கி எடுத்திருக்கிறார். ஒரு எழுத்தின் கால் உடைந்தால் ஒட்ட வழியில்லை. விரலால் தொடாமல், பக்கவாட்டில் குனிந்து அந்த எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள், அந்தப் பொறுமை விளங்கும்.

யார் செதுக்கினார்கள் என்ற கேள்விக்குக் கல்லே பாதிப் பதில் சொல்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். கறுப்பும் சாம்பலும் கலந்த கடினமான கல் இங்கே எங்கும் கிண்டி எடுக்க முடியாது. அப்படி ஒரு பலகையை நீங்கள் இங்கே கண்டால் அது வெளியிலிருந்து வந்ததுதான், சந்தேகமே இல்லை. சோழமண்டலக் கரையில் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் போன்ற ஒல்லாந்தர் ஊர்களில் அங்கத்தைய கற்சிற்பிகள் இப்படியான கல்லறைக் கற்களைச் செதுக்கினார்கள், அவை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலில் போயின, இதுவும் உறுதி. ஆகவே ஒல்லாந்துப் பிரபுவின் கேடயத்தைச் செதுக்கியவர் ஒரு தமிழ்ச் சிற்பியாகவோ தெலுங்குச் சிற்பியாகவோ இருக்க நிறைய வாய்ப்பு. குறிப்பிட்ட ஒரு கல்லைக் காட்டி எந்த ஊர், எந்தப் பட்டறை என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் கல்லைச் சுற்றி ஓடும் பூங்கொடிக் கரையைப் பாருங்கள், கோயில் தூணும் வாசற்காலும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கொடியின் வளைவு அந்நியமாகத் தெரியாது. எனக்கு இதுவே இந்தக் கற்களில் மிகப் பிடித்த இடம்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: இந்த வகைக் கற்களை நிறையப் பார்க்க வேண்டும் என்றால் ஊர்க் கோயில் அதற்கான இடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவை இருந்த பெரிய இடம் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் கோயில், 1706இல் சிலுவை வடிவில் கட்டியது, போரில் இடிந்துபோய் இன்று கற்குவியல். அதைப் பற்றி எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நிற்கிறது. கோட்டைக்குப் போனால் அந்த இடத்தில் நின்று சிலுவையின் நாலு கைகளையும் தரையில் தேடிப் பாருங்கள். முழுதாக, வரிசையாகக் கற்களைப் பார்க்க, திரும்பிப் போகிற வழியில் கொழும்பில் நேரமிருந்தால் 1757இல் திறந்த வூல்வெண்டால் கோயிலுக்குப் போங்கள், கொழும்புக் கோட்டையில் இருந்த பழைய ஒல்லாந்தர் கோயிலின் கற்களும் அங்கே கொண்டுவரப்பட்டவை. தெற்கே போகிறீர்கள் என்றால் காலிக் கோட்டைக் கோயிலின் தரை.

இரண்டாவது வகை அமெரிக்க மிஷன் கல்லறைகள். தெல்லிப்பழை, உடுவில், வட்டுக்கோட்டை, மானிப்பாய்ப் பக்கம் தேட வேண்டியவை இவை. இவற்றில் கேடயமும் இல்லை, மண்டையோடும் இல்லை. நியூ இங்கிலாந்திலிருந்து வந்த அந்தச் சபையினருக்கு ஆடம்பரம் ஆகாது, பெயரும் ஆண்டும் ஒரு வேத வசனமும் போதும். சிற்பம் தேடி வந்தவர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார். ஆனால் ஆண்டுகளை வாசியுங்கள். சூசன் பூவர் 1821இல் தெல்லிப்பழையில் இறந்தார், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் அடுத்த வருடம். 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ 1833இல், 40 வயதுகூட ஆகாமல். டானியல் பூவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியில். சின்னப் பிள்ளைகளின் கல்லுகளும் இருக்கும். அம்மம்மாவுக்கோ அவருடைய தாய்க்கோ எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த பாடசாலைகளின் தொடக்கம் இந்தப் பெயர்களில் இருக்கிறது.

ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டாயம் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள்: இந்தக் கோயில்கள் எல்லாம் இடித்த சைவக் கோயில்களின் கல்லால் கட்டியவை என்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா இடித்தது வரலாறு. நல்லூர் முத்திரைச் சந்திக்குப் பக்கத்தில் யமுனா ஏரியோடு சேர்ந்து நிற்கும் சென். ஜேம்ஸ் கோயில் அந்தப் பழைய கந்தசுவாமி கோயில் நிலத்தில் இருக்கிறது என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். அந்த வலி நியாயமானது, அதை மறைத்து இந்தக் கோயில்களைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனால் அதிலிருந்து ஒவ்வொரு ஊர்க் கோயிலின் ஒவ்வொரு கல்லுக்கும் போக முடியாது. முருகைக்கல் கடற்கரையிலிருந்து புதிதாக வெட்டி வந்தது. செதுக்கிய கருங்கல் ஒன்று சுவருக்குள் கிடந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான், கிடக்காத இடத்தில் கதை மட்டும்தான் இருக்கிறது. அதே மாதிரி மற்றப் பக்கத்தையும் பாருங்கள்: ஒல்லாந்தர் வட்டுக்கோட்டையில் கோயில் கட்டிய அந்தக் காலத்தில், கொஞ்ச தூரத்தில் சில்லாலையில் கத்தோலிக்கர் ஒளித்து ஒளித்துச் செபித்தார்கள். 1687இல் வந்த யோசப் வாஸ் அடிகள் தங்கியதும் அங்கேதான். அவரைப் போப்பாண்டவர் 2015இல் புனிதராக அறிவித்தார். ஒரே பகுதிக்குள் இவ்வளவும்.

நேரம் பற்றி. கற்களின் எழுத்து வாசிக்க நடுப்பகல் கூடாது, தலைக்கு மேல் வெயில் எழுத்தை அழித்துவிடும். வெள்ளனப் போங்கள், அல்லது பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. முகில் மூடிய நாளாக இருந்தால் கைப்பேசி ரோச்சை நிலத்தோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து அடியுங்கள், வாசிக்கவே முடியாது என்று நினைத்த எழுத்து எழும்பி நிற்கும். சுண்ணக்கட்டி பூசுவது, மா தூவுவது, கம்பித் தூரிகையால் பாசி சுரண்டுவது, தேங்காயெண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம், ஒரு நாள் படத்துக்காக ஐம்பது வருடத்துத் தேய்மானம். வாரநாளில் கோயில் பூட்டியிருக்கலாம், அதனால் குருமனையில் கேட்டுத் திறப்பியுங்கள். ஞாயிறு என்றால் ஆராதனை முடிந்தபின் போவது நல்லது, வயதானவர்கள் கொஞ்ச நேரம் நின்று கதைப்பார்கள், அம்மாவுக்கு அது கோயிலைவிடப் பெரிய விஷயமாக இருக்கும். வாசலில் செருப்புக் கழற்றிக் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். படம் எடுக்க முதல் போதகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மம்மாவின் ஞானஸ்நானப் பதிவையும் பார்க்க ஆசை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் போகிற அன்று கேட்டால் கிடைக்காது. முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள், அதில் அவருடைய பெயர் அந்தக் காலத்தில் எழுதியிருக்கக்கூடிய எல்லா விதத்திலும், தகப்பன் பெயர், தாய் பெயர், குறிச்சி, பிறந்த ஆண்டு ஏறத்தாழ. ஞானஸ்நானத்தின்போது ஆங்கிலப் பெயர் வைத்திருந்தால் அதையும் கட்டாயம் எழுதுங்கள், பதிவேட்டில் அந்தப் பெயர் மட்டும்கூட இருக்கலாம், அப்படியென்றால் வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொல்லித் தேடினால் புத்தகம் முழுக்கப் புரட்டினாலும் ஆள் அகப்படமாட்டார்.